கரையில் இன்னொரு கொடிமரம் வேண்டும்: மாவட்ட நிர்வாகத்துக்கும் ஊர்க் கமிட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை அதிகாரிகளுக்கும், நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள ஊர்க் கமிட்டிகளுக்கும், பங்குத்தந்தையர்களுக்கும் வணக்கம்.

நான் கட்டுமரக் குடும்பத்தில் பிறந்தவன். இப்போது நம் கடற்கரைப் பிள்ளைகளின் பாய்மரப் படகுப் பந்தய அணி ஒன்றுக்குக் கரைப் பொறுப்பாளனாக இருக்கிறேன். படகு ஓட்டுவது பிள்ளைகளின் வேலை. படகு நீரில் இறங்குமுன் பார்க்கவேண்டியதையும், கரையேறிய பின் செய்யவேண்டியதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஜனவரியில் மத்திய இந்தியாவின் ஏரி ஒன்றில் நடந்த போட்டிக்குப் போயிருந்தோம். அதில் ஒரு முழு நாள் மூடுபனியால் ரத்தானது. பாயைச் சுருட்டி, மரத்தை இறக்கி, அன்றைய போட்டி ஒன்றுகூட நடக்காமல் அறைக்குத் திரும்பினோம்.

ஊருக்கு வந்ததும் அந்த நாளைப் பற்றித்தான் பேச்சு. "கடல்புறத்துப் பிள்ளைகள் ஏரித் தண்ணீரில் பனிக்குப் பயந்து படகை மடக்கிவிட்டார்களாமே" என்று ஏலக்கூடத்தில் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டு வந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இனிப் பயிற்சிக்கு வரமாட்டேன் என்று வீட்டில் அடம் பிடித்தாள். சொன்னவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் நம் கரையில் வளர்ந்தவர். கடலுக்குப் போகாமல் திரும்புவது இங்கே தன்மானக் குறைவாகவே பார்க்கப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அந்த நாளில் அங்கே என்ன நடந்தது என்பதை நீங்கள் அனைவரும் தெரிந்துகொள்ளவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அங்கே இருந்த ஒன்று நம் கரையில் இல்லை. அது இல்லாததால் நாம் இழந்தவர்களின் பெயர்கள் நம் கல்லறைத் தோட்டங்களில் இருக்கின்றன. கல்லறைகூட இல்லாதவர்களின் பெயர்கள் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன.

அன்று காலை ஏரியின் எதிர்க்கரை தெரியவில்லை. இரவெல்லாம் குளிர்ந்த நிலமும் ஈரமான காற்றும் அசையாத நீரும் சேர்ந்தால் அந்தப் பக்கத்தில் இப்படித்தான் ஆகும். ஒரு கிலோமீட்டருக்குக் குறைவாகப் பார்வை சுருங்கினால் வானிலைத் துறை அதை மூடுபனி என்று பதிவு செய்கிறது. அன்று அதில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூடத் தெரியவில்லை. கொடிமரத்தில் சிவப்பும் வெள்ளையும் செங்குத்துப் பட்டைகளாக இருக்கும் கொடி ஏறியது. இரண்டு முறை ஒலிப்பான் முழங்கியது. தள்ளிவைப்பு என்று பொருள். யாரும் நீரில் இறங்கவில்லை. இறங்க அவசரப்படவும் இல்லை. பிள்ளைகள் பாயைக் கட்டி, சுக்கானை மாட்டி, மிதவை அங்கியைப் போட்டுக்கொண்டு படகின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். போட்டிக் குழுவினர் அவ்வப்போது விசைப்படகில் போய், தொடக்கக் கோட்டில் நின்றால் முதல் மிதவை தெரிகிறதா என்று பார்த்து வந்தார்கள். தெரியவில்லை என்றால் கொடி அப்படியே இருக்கும்.

நண்பகலை ஒட்டி வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. படகுகளை இறக்க அனுமதித்தார்கள். எல்லாரும் தொடக்கக் கோட்டுக்குப் போய்ச் சேருமுன் இருந்த கொஞ்சக் காற்றும் செத்து, பனி மறுபடியும் இறங்கிவிட்டது. அப்போது குழுவின் படகில் நீலமும் வெள்ளையுமாகக் கட்டங்கள் போட்ட கொடி ஏறியது. அதன் கீழே வெள்ளையும் நீலமுமான வால் பிளந்த கொடி. மூன்று முழக்கம். பந்தயம் கைவிடப்பட்டது, இன்று இனிப் போட்டி இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது. கரையில் ஒரு பலகை இருந்தது. டேலி பலகை என்பார்கள். வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் எண் பொறித்த ஒரு வில்லை. நீரில் இறங்கும் பிள்ளை தன் எண்ணுள்ள வில்லையை எடுத்துக்கொண்டு போகவேண்டும். திரும்பி வந்ததும் அதே கொக்கியில் மாட்டவேண்டும். படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. காற்று இல்லாததால் பலவற்றை விசைப்படகுகள் கயிறு கட்டி இழுத்து வந்தன. கொக்கிகள் நிறைந்தன. ஒன்று மட்டும் காலியாக இருந்தது. எங்கள் அணியின் எண் அது.

போட்டிக் குழுவின் தலைவர் வயதானவர். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர். அந்தக் காலிக் கொக்கியைப் பார்த்துவிட்டு அவர் திரும்ப நீரில் இறங்கினார். மீட்புப் படகுகள் எதையும் கட்டவிடவில்லை. பனிக்குள் இருந்து, ஒரு நீண்ட முழக்கம், உடனே இரண்டு குறுகிய முழக்கம் என்று திரும்பத் திரும்பக் கேட்டது. பார்வை குறைந்த நேரத்தில் பாய்மரப் படகும் மீன்பிடிக்கும் படகும் எழுப்பவேண்டிய ஒலி அதுதான் என்று 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகள் சொல்கின்றன. இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. பாய்மரப் படகுக்கும் மீன்பிடிப் படகுக்கும் ஒரே ஒலி என்பதைக் கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது என் அப்பாவின் கட்டுமரம் நினைவுக்கு வந்தது. அவர் கையில் ஊத ஒரு குழல்கூட இருந்ததில்லை.

காணாமல் போயிருந்த மாணவி பத்திரமாக இருந்தாள். வேறொரு மீட்புப் படகு அவளை ஏரியின் இன்னொரு படித்துறைக்கு இழுத்துப் போயிருந்தது. பனிக்குள் திசை புரியாமல் நடந்த காரியம். அவள் நடந்து வந்து வில்லையைக் கொக்கியில் மாட்டிய பிறகுதான் தலைவர் கரையேறினார். பிறகுதான் நாங்கள் படகுகளை மடக்கத் தொடங்கினோம். ஈரப் பாயை விரித்துப் போட்டும் காயவில்லை. அப்படியே இறுகச் சுருட்டினால் பூசணம் பிடிக்கும் என்பதால் தளர்வாகச் சுருட்டி, மரங்களைத் துணி சுற்றிக் கட்டி, படகின் அடியில் இருக்கும் அடைப்பைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக வண்டியில் ஏற்றினோம். பிள்ளைகள் அதிகம் பேசவில்லை. வெல்லவேண்டும் என்று வந்தவர்களுக்கு வருத்தம் இருக்காதா? ஆனால் ஒருவர்கூட "நான் மட்டும் ஓட்டியிருப்பேன்" என்று சொல்லவில்லை. அது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஏன் தோன்றவில்லை? இந்தக் கேள்வியைத்தான் ஆட்சியர் அவர்களிடமும் துறை அதிகாரிகளிடமும் வைக்கிறேன். நம் பிள்ளைகள் திடீரென்று அடக்கமானவர்களாக மாறிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. அங்கே நிறுத்தம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. கொடி ஏறிய பிறகு துணிந்து போனவனுக்கு ஒரு புள்ளியும் கிடைக்காது, கட்டுப்பட்டுத் திரும்பியவனுக்கு ஒரு புள்ளியும் குறையாது. நடக்காத பந்தயத்தை யார் கணக்கிலும் எழுதமாட்டார்கள். நடந்து முடிந்த பந்தயங்களை வைத்து வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பார்கள். நிறுத்துவது யார் என்பதும் தெரியும். முகம் தெரிந்த ஒருவர், தன் பொறுப்பில், தன் கண்ணால் பார்த்து நிறுத்துகிறார். அவரே கொடியை இறக்கவும் செய்கிறார். நிலைமை மாறினால் இறங்கும் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் ஏறும்போது அதற்கு மதிப்பு இருக்கிறது.

இதை நம் கரையோடு வைத்துப் பாருங்கள். நம் ஊர்களில் எச்சரிக்கை எப்படி வருகிறது? கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய, எந்த நாளுடையது என்று தெரியாத ஒரு படம். கோயில் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு. அதுவும் பெரும்பாலும் "தென் தமிழகக் கடலோரப் பகுதிகள்" என்ற அளவில். நம் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனால் அது ஒரே கடல் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தையே அரசு இங்கே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கிழக்கே சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டினத்துக்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடைக்காலத்துக்கு இரண்டு கடல் என்று ஒப்புக்கொண்ட நிர்வாகம், எச்சரிக்கைக்கு மட்டும் ஒரே கடல் என்று ஏன் பேசவேண்டும்? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ஒரு பக்கத்தைப் புரட்டிப் போடும் நாளில் மறுபக்கம் வேறு மாதிரி இருப்பதைக் கடலுக்குப் போகிற எவரும் சொல்வார்கள். எச்சரித்தார்கள், எதுவும் நடக்கவில்லை என்று அனுபவம் சேரச் சேர, உண்மையான எச்சரிக்கையும் காதில் விழாமல் போகிறது. குற்றம் கேட்பவரிடம் மட்டும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எச்சரிக்கையை மதித்து வள்ளத்தை மேட்டில் ஏற்றியவன் அன்று கூலி இழக்கிறான். மதிக்காமல் போனவன் மீனோடு வருகிறான். அன்று வரத்துக் குறைவு என்பதால் அவன் மீன் கூடுதல் விலைக்குப் போகிறது. என்ஜின் கடன், வலைக் கடன், வட்டி எல்லாம் காத்திருக்கின்றன. வள்ளத்தில் பங்குக்குப் போகிறவனுக்கு முதலாளியிடம் "இன்று வரமாட்டேன்" என்று சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்? மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்கப்போகும் அம்மாக்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை. கடல் நின்றால் அவர்களுடைய அடுப்பும் நிற்கிறது. கீழ்ப்படிந்தவன் தோற்கும்படி ஆட்டத்தை அமைத்துவிட்டு, ஏன் கீழ்ப்படியவில்லை என்று விபத்துக்குப் பிறகு கேட்பது நியாயம் ஆகாது. இதை நான் வருத்தத்தோடும் அழுத்தத்தோடும் சொல்கிறேன்.

2017 நவம்பர் 29-ஆம் தேதியை நான் நினைவூட்டவேண்டியதில்லை. அன்று மாலையும் இரவும் நம் கரையிலிருந்து வள்ளங்கள் வழக்கம்போலப் போயின. மறுநாள் காலை புயலுக்கு ஒக்கி என்று பெயர் சூட்டப்பட்டபோது அவை கடலில் இருந்தன. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறைப் படகுகள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. அவர்களில் பலருக்குச் செய்தி எட்ட வழியே இருக்கவில்லை. சில படகுகள் லட்சத்தீவிலும், மகாராஷ்டிரக் கரையிலும், குஜராத்திலும் ஒதுங்கின. புயலின் கொடுமைக்கு மேல் இன்னொரு கொடுமை நடந்தது. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அரசு ஒரு பட்டியல் வைத்திருந்தது, பங்குக் கோயில்கள் ஒரு பட்டியல் எழுதின, மீனவர் அமைப்புகள் இன்னொரு பட்டியல் எழுதின. வாரக்கணக்கில் எண்கள் ஒத்துப்போகவில்லை. தேடப் போகிற கப்பலுக்கு யாரைத் தேடுவது என்று சொல்ல ஒரு பலகை நம்மிடம் இல்லை. அந்த ஏரிக்கரையில் காலியாக இருந்த ஒற்றைக் கொக்கியைப் பார்த்தபோது என் மனதில் ஓடியது இதுதான். ஒரு மாணவிக்காக அத்தனை பேர் பனிக்குள் நின்றார்கள். அவள் வரவில்லை என்பது அடுத்த நிமிடமே தெரிந்ததால்தான் நின்றார்கள்.

பாய்மரப் பந்தய உலகம் பிறக்கும்போதே இந்த ஒழுங்கோடு பிறந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தெற்குக் கரையிலிருந்து அயர்லாந்துக்குத் தெற்கே உள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வரும் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. நடுவில் புயல் பிடித்தது. பந்தயத்தில் ஓடியவர்களில் 15 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு முடியுமுன் விசாரணை அறிக்கை வந்தது. 1998-இல் சிட்னியிலிருந்து ஹோபார்ட்டுக்குப் போன 115 படகுகளில் 44 மட்டுமே முடித்தன, 6 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வானொலி, உயிர்காக்கும் கருவிகள், வழியில் நிலைமையைத் தெரிவித்துவிட்டுத்தான் அடுத்த கடலைக் கடக்கவேண்டும் என்பது போன்ற கட்டாயங்கள் வந்தன. பொழுதுபோக்குக்காகவும் பெருமைக்காகவும் கடலில் போகிறவர்கள் தங்கள் சாவுகளிலிருந்து விதிகளை எழுதிக்கொண்டார்கள். சோற்றுக்காகப் போகிறவர்களுக்கு அந்த அளவுக்காவது செய்யக்கூடாதா?

ஒக்கிக்குப் பிறகு எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் வந்திருக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலையின் உயரத்தையும், கள்ளக்கடல் என்று நாம் சொல்லும் திடீர் அலைப்பெருக்கையும் முன்கூட்டியே சொல்கிறது. கணிப்பில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். கணிப்பைக் கரையில் ஒரு செயலாக மாற்றும் கடைசி அடிதான் எடுக்கப்படாமல் கிடக்கிறது. 2024 மே மாதத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் கள்ளக்கடல் அலையில் இறந்துபோனார்கள். எச்சரிக்கை வெளியாகியிருந்த காலம் அது. கள்ளக்கடலின் கொடுமை என்னவென்றால், தெற்கே வெகுதொலைவில் எழுந்த அலை இங்கே வந்து சேரும்போது வானம் தெளிவாக இருக்கும், காற்றும் பெரிதாக இருக்காது. மூடுபனியை எவரும் கண்ணால் பார்க்கலாம். இதைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத ஆபத்துக்குத்தான் கரையில் பார்க்கக்கூடிய ஓர் அடையாளம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்களே என்று கேட்கலாம். 1 முதல் 11 வரை எண்ணிட்ட அந்தக் கூண்டுகள் கப்பல்களுக்காக உருவானவை. செய்தித்தாளில் எண்ணைப் படித்துவிட்டு, நம் ஊர் மணலில் வள்ளம் தள்ளுகிறவன் என்ன செய்யவேண்டும் என்று அந்த எண் சொல்வதில்லை. நம் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் இருக்கின்றன. துறைமுகங்கள் சில மட்டுமே. பெரும்பாலான வள்ளங்கள் மணலிலிருந்து நேராக அலைக்குள் போகின்றன.

எனவே நான் கேட்பது பெரிய கட்டடமோ பெரிய நிதியோ இல்லை. ஒவ்வொரு ஊரின் வள்ளம் ஏறும் இடத்திலும் ஒரு கொடிமரம் நடுங்கள். கொடி ஏறினால் என்ன பொருள் என்பது நம் மக்களுக்குச் சொல்லித் தரவேண்டிய விஷயம் இல்லை. ஒவ்வோர் ஊர்த் திருவிழாவும் கொடியேற்றத்தில்தான் தொடங்குகிறது. அந்த மரத்தில் தள்ளிவைப்புக்கு ஒரு கொடி, இன்று கடல் இல்லை என்பதற்கு ஒரு கொடி, இரண்டு போதும். இரவில் அதே இடத்தில் விளக்கு, கூடவே ஒலி. தள்ளிவைப்பு முக்கியம். இப்போது நம்மிடம் இருப்பது போ அல்லது போகாதே என்ற இரண்டு நிலைகள்தான். "இரண்டு மணி நேரம் பொறு, திரும்பப் பார்த்துச் சொல்கிறோம்" என்ற மூன்றாவது நிலை இருந்தால் பலர் பொறுப்பார்கள். நாள் முழுவதும் போகாதே என்பவனிடம்தான் சண்டை வருகிறது.

கொடியை ஏற்றுகிறவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்திருக்கவேண்டும். மீன்வளத் துறையின் அலுவலர் ஒருவரும், கடல் அனுபவமுள்ள மூத்த மீனவர் ஒருவரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். பெருங்கடல் மையத்தின் கணிப்பு ஒருவர் கையில், நீவாடு என்னும் நீரோட்டத்தையும் கடலின் நிறத்தையும் அலையின் இடைவெளியையும் படிக்கும் கண் இன்னொருவரிடம். எந்த நேரத்தில், எந்தக் காரணத்துக்காக ஏற்றினார்கள், எப்போது இறக்கினார்கள் என்பதைக் கொடிமரத்தடியிலேயே ஒரு பலகையில் எழுதவேண்டும். தவறாகக் கணித்த நாளும் அதில் இருக்கட்டும். மறைக்காமல் எழுதினால் மக்கள் மன்னிப்பார்கள். அறைக்குள் எடுக்கும் முடிவைத்தான் யாரும் நம்புவதில்லை.

அந்தப் பலகைக்குப் பக்கத்தில் வில்லைப் பலகையும் இருக்கவேண்டும். இதை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். விசைப்படகுகளுக்கு டோக்கன் முறை இருக்கும் துறைமுகங்கள் உண்டு. மணலிலிருந்து போகும் வள்ளத்துக்கு ஒன்றுமில்லை. ஒரு வள்ளத்துக்கு ஒரு வில்லை, அதில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. கம்ப்யூட்டர் வேண்டாம், செயலி வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடிக்காத கொக்கி வேண்டும், மாலையில் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஊர்க் கமிட்டிகளே, இந்தப் பகுதிக்கு நீங்கள் அரசுக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. கோயில் மணி அடித்து ஊரைக் கூட்டும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. யாருக்காக அடிக்கிறோம் என்பது ஒரு மணி நேரம் முன்னதாகத் தெரிந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் ஓர் உயிர் இருக்கலாம்.

கூலிக்கு வருகிறேன். தடைக்காலத்தில் அரசு நிவாரணம் தருகிறது. அது இனப்பெருக்கக் காலத்தில் மீனைக் காப்பதற்காக நாம் கடலிலிருந்து விலகி நிற்பதற்கான ஈடு. மனிதனைக் காப்பதற்காக விலகி நிற்கும் நாளுக்கு ஏன் ஈடு இல்லை? வானிலையால் வேலையிழந்த நாட்களுக்காக மீனவர் குடும்பங்களுக்குக் கேரள அரசு பணம் கொடுத்த முன்னுதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொடி ஏறிய நாள் என்று பலகையில் பதிவான ஒவ்வொரு நாளுக்கும், கடலுக்குப் போகிறவருக்கும் மீன் விற்கும் பெண்ணுக்கும் ஒரு நாள் ஊதியம் கணக்கிட்டுக் கொடுங்கள். முழு வருமானத்துக்கு ஈடாக அது இருக்காது. ஆனால் நிற்பவனும் போகிறவனும் ஒரே தராசில் வந்துவிடுவார்கள். அதற்கு மேல் பெரும்பாலோருக்கு வேறு காரணம் தேவைப்படாது.

பந்தய விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த எல்லா உதவியும் செய்யவேண்டும் என்பது முதல் விதி. அப்படி உதவப் போய் இடத்தை இழந்த படகுக்கு அந்த இழப்பை ஈடுசெய்து புள்ளி கொடுக்கவும் விதி இருக்கிறது. நம் கடலில் வலையை வெட்டிவிட்டு அடுத்தவன் வள்ளத்தை இழுத்து வந்த எத்தனையோ பேரை நாம் அறிவோம். தேங்காய்ப்பட்டினத்து முகத்துவாரத்தில் கவிழ்ந்த வள்ளங்களுக்காகத் தங்கள் வள்ளத்தைப் பணயம் வைத்தவர்களையும் அறிவோம். வெட்டிய வலைக்கு யார் பணம் கொடுத்தார்கள்? இதையும் உங்கள் திட்டத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

கடலோடியின் முடிவுரிமை பறிபோகும் என்று மூத்தவர்கள் சிலர் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தை மதிக்கிறேன். பந்தயத்தில் இறங்குவதா, தொடர்வதா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு அந்தப் படகுக்கே உரியது என்று விதிநூல் தெளிவாகச் சொல்கிறது. கொடி இறங்கிய பிறகும் "இன்று எனக்குச் சரியில்லை" என்று கரையில் நிற்கும் உரிமை எவருக்கும் உண்டு. கொடி தடுக்கும், தள்ளிவிடாது. மூத்தவர்களின் அறிவை ஓரங்கட்டவும் நான் கேட்கவில்லை. அந்த அறிவைக் கொடிமரத்தடியில் உட்கார வைக்கத்தான் கேட்கிறேன்.

ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கும் தூத்தூர் வட்டாரப் படகுகளுக்குக் கரையில் ஏறும் கொடி தெரியாது. அவர்களுக்கு வேண்டியது இருவழித் தொடர்பும், தேடிப் போகும் கப்பலும். அந்தக் கோரிக்கையை அவர்கள் பலமுறை வைத்துவிட்டார்கள். இந்த மடல் அதற்கு மாற்று ஆகாது. ஆனால் அவர்களுடைய பெயர்களும் ஊர்ப் பலகையில் தொங்கட்டும்.

கடைசியாகப் பிள்ளைகளைப் பற்றி, ஊர் மக்களிடம். கடலையே பார்க்காத போபாலில் ஏரியில் பயிற்சி பெற்ற நேகா தாக்கூர் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் ஒலிம்பிக் போனார். வேலூரிலிருந்து வந்த விஷ்ணு சரவணனும் இரண்டு ஒலிம்பிக்கிலும் படகு ஓட்டினார். நம் கரையிலிருந்து ஒருவர் அந்த இடத்துக்குப் போவது நடக்கக்கூடியதே. காற்றையும் அலையையும் தாய்ப்பாலோடு குடித்த பிள்ளைகள் இவர்கள். ஆனால் கொடிக்குத் திரும்பிய பிள்ளையைப் பயந்தவள் என்று சொன்னால் அவள் அடுத்த முறை திரும்பமாட்டாள். நாளை அவள் வள்ளத்தில் போகிறவனைக் கட்டிக்கொண்டாலும், தானே படகு வைத்தாலும், அந்தச் சொல் அவளோடு கடலுக்குப் போகும். அடம் பிடித்த மாணவி வீட்டுக்கு நான் போய்ப் பேசினேன். அவள் அப்பா ஒக்கியில் தன் அண்ணனை இழந்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் பலகையை இங்கே வைக்க எவ்வளவு செலவாகும்?" மறுநாள் அவள் பயிற்சிக்கு வந்தாள்.

அவருடைய கேள்விக்கான பதிலை உங்களிடம் தருகிறேன். மேற்குக் கரையின் தடைக்காலம் ஜூன் 1 அன்று தொடங்குகிறது. தடையால் விசைப்படகுகள் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் உச்சத்தில் இருக்கும். அதற்கு முன் ஒரே ஓர் ஊரில் தொடங்குங்கள். எந்த ஊர் என்பதை ஊர்க் கமிட்டிகள் கூடி முடிவு செய்யட்டும். எங்கள் அணியிடம் பழைய அலுமினியப் பாய்மரங்கள் இருக்கின்றன, கொடிமரமாக நட ஒன்றைத் தருகிறோம். கொடிகளைப் பிள்ளைகளின் பெற்றோர் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பலகையையும் கொக்கிகளையும் அந்த மாணவியின் அப்பா செய்வார், தச்சு தெரிந்தவர். எப்படி ஏற்றுவது, எப்படிப் பதிவது, மாலையில் எப்படிச் சரிபார்ப்பது என்பதை ஊர் இளைஞர்களுக்கு எங்கள் பிள்ளைகளே சொல்லிக்கொடுப்பார்கள். நிர்வாகத்திடமிருந்து வேண்டியவை மூன்று: கொடியேற்றும் அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும் ஆணை, அந்த ஊரின் கடல்பகுதிக்கு மட்டுமான கணிப்பு நாள்தோறும் கிடைக்க ஏற்பாடு, கொடி ஏறிய நாளுக்கான ஊதியம் குறித்து ஒரு முடிவு. ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதைப் பேச நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். பலகையின் மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
பாய்மரப் படகு அணியின் கரைப் பொறுப்பாளர்,
குளச்சல் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்